ஹாலுக்குள்ள ஒரு கடற்கரை ஊரு

நாலு வருசத்துக்கு முன்னாடி பாம்பன் பக்கத்துல ஒரு கடற்கரை ஊருக்கு மூணாம் வருசப் பிள்ளைங்கள கம்யூனிட்டி போஸ்டிங்குக்கு, அதான் வீடு வீடாப் போய் குடும்பங்களோட உடல்நலத்த விசாரிக்கிற பயிற்சிக்கு, கூட்டிட்டுப் போயிருந்தேன். பி.எஸ்சி நர்சிங் படிச்சவங்களுக்கு தெரியும், ஆளுக்கு இத்தனை குடும்பம்னு பிரிச்சு விட்ருவோம், கையில ஒரு ஃபேமிலி ஃபோல்டர், அதுக்குள்ளதான் குடும்ப விவரம் எழுதுற ஃபார்ம், தோள்ல கம்யூனிட்டி பேக், வீட்டு விசிட்டுக்கு வேண்டிய சாமான் உள்ள பை. அதுல ஒரு பொண்ணு, கிளாஸ்லயே கையெழுத்து ரொம்ப அழகா இருக்கும், எல்லாத்தையும் ஒழுங்கா செய்யுற பிள்ளை. ஒரு வீட்டு வாசல்ல ஒரு அக்கா நெத்திலி ஆஞ்சுட்டு உக்காந்திருக்காங்க, இந்தப் பிள்ளை போய் வணக்கம் சொல்லி ஃபார்ம விரிச்சு முதல் வரிய கேக்குது, குடும்பத் தலைவர் பேரு என்ன, வயசு என்ன, என்ன வேலைன்னு.

"போட்டுல போனாக" அப்படின்னாங்க அந்த அக்கா.

"இப்ப வீட்டுல இருக்காங்களா?"

பதில் இல்ல. கை மட்டும் மீனை ஆயுது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பாத்து, "அவுக போட்டப் புடிச்சு இலங்கை ஜெயில்ல வச்சிருக்காகத்தா, ரெண்டு மாசமாச்சு"ன்னு சொல்லிட்டாங்க. இந்தப் பிள்ளைக்கு என்ன செய்யுறதுன்னே தெரியல, பேனா தானா அடுத்த கட்டத்துக்குப் போயிருச்சு. "மாத வருமானம் எவ்வளவுக்கா?"

நான் ரெண்டு வீடு தள்ளி இன்னொரு குரூப்போட நின்னுட்டு இருந்தேன், நடந்தது எனக்கு சாயங்காலம் வேன்ல அந்தப் பிள்ளை அழுதப்பதான் தெரிஞ்சது. அந்த அழுகைய விட எனக்கு உறுத்துனது ஒன்னு இருக்கு. அந்தத் தெருவ விட்டு வெளிய வரும்போது ஒரு வயசான ஆத்தா என்னைப் பாத்து, "போன வருசமும் வந்து எழுதுனாக, அதுக்கு முந்தின வருசமும் எழுதுனாக, எத்தனை தடவத்தா எழுதிட்டுப் போவீக?"ன்னு கேட்டாங்க. கோவமா கூட கேக்கல, தெரிஞ்சுக்கதான் கேட்டாங்க. நான் ஒன்னும் சொல்லாம வேன்ல ஏறிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி யோசிச்சேன். அந்தப் பிள்ளைக்கு நான் பேக் டெக்னிக், அதான் அந்தப் பைய வீட்டுல சுத்தமா கையாளுற முறை, சொல்லிக் குடுத்திருக்கேன், நியூஸ்பேப்பர எப்படி விரிக்கணும், கை எப்ப கழுவணும், எதை முதல்ல வெளிய எடுக்கணும், எல்லாம். ஃபார்ம எப்படி நிரப்பணும்னும் சொல்லிக் குடுத்திருக்கேன். பேனாவ எப்ப மூடணும்னு சொல்லிக் குடுக்கல. ஆஸ்பத்திரி விசயத்துல நாங்க இப்படி விடவே மாட்டோம். ஊசி போடணும்னா முதல்ல ஸ்கில் லேப்ல ரப்பர் கையில பத்து தடவ குத்தணும், சி.பி.ஆர் பண்ணணும்னா பொம்மை மேல பண்ணணும், அந்த ரெசஸ்ஸி ஆன் பொம்மை 1960லயே வந்துருச்சு. உசுரோட இருக்குற மனுசங்க மேல முதல் தப்ப பண்ணக்கூடாதுங்கறது நாம எல்லாரும் ஒத்துக்கிட்ட விசயம். ஆனா ஒரு ஊருன்னு வரும்போது மட்டும் வேன்ல ஏத்தி நேரா வாசல்ல இறக்கி விட்டுட்டு வர்றோம், முதல் தப்பு எல்லாமே அந்த வாசல்லதான் நடக்குது, அதுவும் வருசா வருசம் அதே வாசல்ல.

அப்படி ஆரம்பிச்சதுதான் எங்க காலேஜ் டெமான்ஸ்ட்ரேஷன் ஹால்ல நாங்க கட்டுற ஊரு.

முதல் தடவ பண்ணுனது நல்லா வரலைன்னு முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா இதை வேற டீச்சர்ங்க யாராவது படிச்சா அதே தப்ப பண்ண வேணாம். பிள்ளைங்களையே ஊர்க்காரங்களா நடிக்க வச்சோம். நைட்டி மேல துண்டு போட்டுக்கிட்டு, சீரியல்ல வர்ற மாதிரி "எங்களுக்கு ஒன்னும் தெரியாது தாயி"ன்னு கைய ஆட்டி ஆட்டி பேசுதுங்க. கூடப் படிக்கிற பிள்ளைங்க சிரிக்குது. அதுல ரெண்டு மூணு பிள்ளைங்க அதே கடற்கரைப் பக்கத்துல இருந்து வர்றவங்க, அவங்க சிரிக்கல, தலையக் குனிஞ்சுட்டு இருந்தாங்க. பாதியிலயே நிறுத்திட்டேன்.

அடுத்த தடவ ஊர்ல இருந்தே ஆளக் கூப்பிட்டோம். டாக்டருக்குப் படிக்கிறவங்களுக்கு இது ரொம்ப நாளா உள்ள முறைதான், 1963ல ஹோவர்ட் பாரோஸ்ங்கற நரம்பு டாக்டர் அமெரிக்காவுல நோயாளி மாதிரி நடிக்க ஒருத்தங்களுக்குப் பயிற்சி குடுத்து ஆரம்பிச்சு வச்சாரு. நாங்க கூப்பிட்டது கடல்ல பாசி எடுக்குற ரெண்டு அக்கா, கருவாட்டு யாவாரம் பாக்குற ஒரு பெரியம்மா, கீழக்கரைப் பக்கத்துல இருந்து ஒரு லாத்தா, முஸ்லிம் வீட்டு அக்காவ அப்படித்தான் கூப்பிடுவாங்க. ஒரு நாள் வேலைய விட்டுட்டு வர்றாங்க, கூலி குடுக்கணும். அதுக்கு பட்ஜெட் இல்லைன்னு சொல்லிட்டாங்க, முதல் ரெண்டு தடவ டீச்சர்ங்க நாங்க கைக்காசு போட்டோம். நடிக்க வர்றவங்களுக்கு டீயும் வடையும் போதும்னு நினைக்கிறது தப்பு, அவங்க அங்க எங்களோட சேர்ந்து பாடம் நடத்துறாங்க.

நாங்க எழுதி வச்சிருந்த ஸ்கிரிப்ட படிச்சுக் காட்டுனப்ப முதல் அரைமணி நேரத்துலயே கிழிச்சுட்டாங்க. "இப்படி யாரும் பேச மாட்டாக டீச்சர்." அதுல மூத்த அக்கா சொன்னாங்க, "மொத தடவ வாசல்ல வந்து நிக்கிற பிள்ளைட்ட நான் எதுக்கு எனக்கு வெள்ளை படுதுன்னு சொல்லணும்? ஒரு சொம்பு தண்ணி குடுப்பேன். வாங்கிக் குடிச்சா உக்காரச் சொல்வேன். பையில இருந்து பாட்டிலை எடுத்துக் குடிச்சா சரித்தான்னு அனுப்பிருவேன்." எங்க ஊர்ல இது எவ்வளவு பெரிய விசயம்னு வெளியூர்க்காரங்களுக்கு தெரியாது. நிலத்தடித் தண்ணி உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாய்ல எப்ப வரும்னு சொல்ல முடியாது, தள்ளுவண்டில குடத்த அடுக்கிட்டு பொம்பளைங்க தள்ளிட்டுப் போறத ராமநாதபுரம் மாவட்டத்துல எந்த ரோட்டுலயும் பாக்கலாம், இல்லைன்னா குடம் இவ்வளவுன்னு காசு குடுத்து வாங்கணும். அப்படி வந்த தண்ணில ஒரு சொம்புதான் அவங்க நீட்டுறது. அன்னைக்கே எங்க ஸ்கிரிப்ட்ல முதல் காட்சி அதுன்னு முடிவாயிருச்சு, அந்த சொம்புக்கு பிள்ளை என்ன பண்ணுதுங்கறத வச்சு அக்கா அடுத்து எவ்வளவு பேசணும்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க.

ஹால்ல பெஞ்ச எல்லாம் ஓரமா தள்ளிட்டு நைலான் கயிறு கட்டி ஆறு வீடு. நடுவுல தெரு. ஒரு மூலையில பழைய வலை, அதுக்குப் பக்கத்துல சாக்கு விரிச்சு நிஜ கருவாடு, அதுக்கு பிரின்சிபால் மேடத்துக்கிட்ட தனியா பர்மிஷன் வாங்குனோம். மூணாவது வீட்டு வாசல்ல ஒரு நீல டிரம்மு. இந்த டிரம்மப் பத்திதான் கொஞ்சம் விரிவா சொல்லணும்.

டிரம்முல முக்கால்வாசி தண்ணி. வாய்க்கு ஒரு பழைய சேலைத்துணி கட்டியிருக்கும், நடுவுல தொய்ஞ்சு தண்ணில நனைஞ்சு கெடக்கும், நிஜத்துல எப்படி இருக்குமோ அப்படியே. உள்பக்கம், தண்ணி மட்டத்துக்கு ஒரு விரக்கடை மேல, கஞ்சிப்பசை தடவி கருப்பு எள்ள ஒட்டி வச்சிருப்போம். ஏடிஸ் கொசு முட்டை எள்ள விட ரொம்பச் சின்னது, ஆனா இடம் அதுதான், தண்ணிக்குள்ள போடாது, தண்ணி விளிம்புக்கு மேல ஈரமான சுவத்துல ஒட்டி வைக்கும். தண்ணி வத்திப் போனாலும் மாசக்கணக்குல காஞ்சு அப்படியே இருந்து, திரும்ப தண்ணி ஏறுனதும் பொரிக்கும். அதனாலதான் தண்ணிய கொட்டிக் கவுத்துனா மட்டும் பத்தாது, சுவத்த பிரஷ் போட்டு தேய்ச்சுக் கழுவணும்னு சொல்றது. இதை எல்லாப் பிள்ளைங்களும் பரீட்சைல எழுதும். முதல் பேட்ச்ல அந்த டிரம்ம தாண்டி எட்டு பேர் வீட்டுக்குள்ள போனாங்க, ஒரு ஆள் கூட துணிய விலக்கிப் பாக்கல, ரெண்டு பேர் அதுமேல ஃபார்ம வச்சு எழுதுனாங்க.

முடிஞ்சதும் உக்காந்து பேசுறது இருக்கே, டிபிரீஃப், அதுதான் பாடமே. காட்சி 20 நிமிசம்னா பேச்சு 40 நிமிசம் ஓடும், ஓடணும். நான் ஆரம்பத்துல என்ன பண்ணுவேன்னா "ஏன் டிரம்ம பாக்கல?"ன்னு நேரா கேட்டுருவேன், பிள்ளைங்க "சாரி மேம்"னு சொல்லும், அதோட முடிஞ்சது, சாரில இருந்து எதுவும் கத்துக்க முடியாது. அப்புறம் மாத்திக்கிட்டேன். "நீ வாசல்ல இருந்து நேரா பாட்டிகிட்ட போனத பாத்தேன், அப்ப உனக்குள்ள என்ன ஓடுச்சு?" அப்படிக் கேட்டா, "ஃபார்ம்ல முதல் பக்கம் குடும்ப விவரம் மேம், சுற்றுப்புறம் நாலாவது பக்கம்"னு ஒரு பிள்ளை சொன்னா. ஃபார்ம் எந்த வரிசைல இருக்கோ அந்த வரிசைலதான் கண்ணும் போகுது. அன்னைல இருந்து எங்க ஊருக்குள்ள முதல் பத்து நிமிசம் யார் கையிலயும் பேப்பர் கிடையாது.

டிரம்ம கண்டுபிடிச்சுட்டா வேலை முடிஞ்சதான்னா அங்கதான் ஆரம்பிக்குது. "துணி கட்டாதீங்க, மூடி போடுங்க, வாரம் ஒரு தடவ காலி பண்ணுங்க"ன்னு பிள்ளை சொல்லும். கருவாட்டுப் பெரியம்மா எழுதிக் குடுக்காத வசனம் ஒன்னு பேசுவாங்க: "அடுத்த தண்ணி என்னைக்கு வரும்னு நீ சொல்லு, நான் காலி பண்ணுறேன்." எந்தப் பிள்ளைக்கும் அதுக்கு பதில் இருக்காது. முட்டை கொசுவா ஆக வாரம் பத்து நாள் போதும், குழாய்த் தண்ணி வர்ற இடைவெளியும் சில தெருவுல அதே அளவுதான், அப்ப இந்த வீட்டு டெங்குவுக்கு காரணம் பெரியம்மாவோட சோம்பேறித்தனமா, வால்வு திறக்குற முறையான்னு பிள்ளைங்க தானா யோசிக்க ஆரம்பிக்கும். நாங்க பாடத்துல ஆண்டர்சன், மெக்ஃபார்லேன் மாடல்னு ஒன்னு நடத்துவோம், ஊர ஒரு சக்கரமா வரைஞ்சு நடுவுல மக்கள், சுத்தி எட்டுப் பிரிவு, சுற்றுச்சூழல், கல்வி, போக்குவரத்து, அரசியல், மருத்துவ வசதி, தகவல் தொடர்பு, பொருளாதாரம், பொழுதுபோக்குன்னு. போர்டுல வரைஞ்சா மனப்பாடம் பண்ணுங்க. அந்தப் பெரியம்மாவோட கேள்விக்கு அப்புறம்தான் "மேம், இந்த டிரம்மு சுற்றுச்சூழல்ல வருமா, அரசியல்ல வருமா?"ன்னு ஒருத்தி கேட்டா. எனக்கு அன்னைக்கு சம்பளம் வாங்குன மாதிரி இருந்துச்சு.

அஞ்சாவது வீடு பாசி அக்கா வீடு. ஃபார்ம்ல தொழில்னு ஒரு கட்டம் இருக்கு, அவங்களைப் பாத்ததும் பாதிப் பிள்ளைங்க கேக்காமலே இல்லத்தரசின்னு எழுதிரும். அக்கா கைய மடியில வச்சுட்டுதான் உக்காந்திருப்பாங்க, விரல் நுனி எல்லாம் துணி சுத்தியிருக்கும், அது மேக்கப் கிடையாது, அவங்க நிஜமாவே பாறையில பாசி பறிக்கும்போது கிழியக்கூடாதுன்னு சுத்துற துணி, காலைல கடலுக்குப் போயிட்டு அப்படியே வர்றாங்க. மன்னார் வளைகுடால கழுத்தளவு தண்ணில, மூச்சடக்கி முங்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்குறவங்க. தீவு எல்லாம் 1986ல தேசியப் பூங்கா ஆனதுக்கு அப்புறம் எங்க போகலாம் எங்க போகக்கூடாதுங்கற பயம் வேற. ஈரத்துணியோட அத்தனை மணி நேரம் இருக்குறதுல வர்ற தோல் புண்ணு, உப்புத் தண்ணி பட்டு எரியுற கண்ணு, சிறுநீர் அடக்குறது, மாதவிடாய் நாள்ல எப்படிப் போறாங்கங்கறது, இவ்வளவும் அந்த ஒரு கட்டத்துல இல்லத்தரசின்னு எழுதுன நிமிசத்துல காணாமப் போயிருது. டிபிரீஃப்ல அக்கா கைய நீட்டிக் காட்டுவாங்க. துணியப் பிரிச்சா விரலோட தோல் வெளுத்து, கீறல் மேல கீறலா இருக்கும். "இதைப் பாத்தியா? பாத்துட்டு ஏன் கேக்கல?" நான் கேட்டா சாரி வரும், அக்கா கேட்டா அமைதி வரும்.

கடைசி வீட்டுல ஒரு ஸ்கிரீன் போட்டு மறைச்சிருப்போம், உள் ரூம் மாதிரி. உள்ள யாரோ இருக்குற சத்தம் லேசா கேக்கும், லாத்தா அதைப் பத்தி எதுவும் பேச மாட்டாங்க. ஏர்வாடில 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி சங்கிலில கட்டியிருந்த மனநோயாளிங்க 28 பேர் தீயில செத்துப் போனது நம்ம மாவட்டத்துல நடந்தது. இப்ப படிக்கிற பிள்ளைங்க அதுக்கு அப்புறம் பிறந்தவங்க, நிறைய பேருக்கு தெரியல. அந்த ஸ்கிரீனுக்குப் பின்னாடி யாருன்னு முதல் விசிட்லயே கேட்டுத்தான் ஆகணும்னு நான் சொல்ல மாட்டேன். சத்தம் கேட்டுச்சுன்னு குறிச்சு வச்சுட்டு, திரும்ப வர்றேன்னு சொல்லிட்டு வந்தா போதும்.

இதுக்கு முந்தின நாள் ஒரு வீடியோ காட்டுவோம். மண்டபம் ஊர்ல இருந்து ஷேர் ஆட்டோல போகும்போது என் போன்ல எடுத்தது, பேச்சு கிடையாது, ஏழு நிமிசம். விண்ட்ஷீல்டு சர்வேன்னு புத்தகத்துல சொல்லுவாங்க, வண்டிக் கண்ணாடி வழியா ஊரப் பாக்குறது. கண்ணுல பட்டதை மட்டும் எழுதச் சொல்லுவேன், கருத்து சொல்லக்கூடாது. குப்பை, ஆடு, சர்ச், பள்ளிவாசல், மெடிக்கல் ஷாப் எல்லாரும் எழுதுவாங்க. ஒரு தடவ ஒரு பொண்ணு எழுந்து, "மேம், கண்ணீர் அஞ்சலி பேனர் மூணு இருந்துச்சு, மூணும் ஆம்பளைங்க, ரெண்டு பேருக்கு வயசு அம்பதுக்கு கீழ போட்டிருக்கு"ன்னா. நான் அந்த வீடியோவ இருபது தடவ பாத்திருப்பேன், பேனரப் பாத்தேன், வயசப் படிக்கல. மூணு பேனர வச்சு ஒரு ஊரோட சாவுக் கணக்கு போட முடியாது, அதையும் அவகிட்ட சொன்னேன். ஆனா நர்ஸம்மாகிட்ட, அதான் கிராம சுகாதார செவிலியர், கேக்க வேண்டிய முதல் கேள்வி அவளுக்குக் கிடைச்சுருச்சு.

நாள் கணக்கும் இப்பதான் சொல்லித் தர்றோம். பாக் ஜலசந்திப் பக்கம் வாரத்துல மூணு நாள் விசைப்படகு, மத்த நாலு நாள் நாட்டுப்படகுன்னு ஒரு முறை உண்டு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கரையில நிக்கும். விசைப்படகு போற நாள்ல காலை பதினொரு மணிக்கு வேன்ல போய் இறங்குனா யாரு இருப்பா? வயசானவங்களும் பொம்பளைங்களும் கைப்பிள்ளையும்தான். அப்படி எடுத்த சர்வேல பி.பி இருக்குற ஆம்பளைங்க கம்மின்னு ரிப்போர்ட் எழுதி சப்மிட் பண்ணி மார்க்கும் வாங்கியிருக்கோம். 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் வந்ததுக்கு அப்புறம் மாத்திரை வீட்டுக்கே வருது, நல்ல திட்டம், ஆனா வீட்டுல ஆள் இருக்குற நேரம் தெரிஞ்சாதானே கையில சேரும்.

அமெரிக்காவுல நர்சிங் போர்டுகளோட தேசிய கவுன்சில் 2014ல ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டாங்க. க்ளினிக்கல் நேரத்துல பாதி வரைக்கும் நல்ல தரமான சிமுலேஷனா, அதான் எங்க ஹால் ஊரு மாதிரி நிஜத்தப் போல அமைச்சுப் பழகுறதா, மாத்துனாலும் பிள்ளைங்களோட அறிவுலயும் திறமையிலயும் வித்தியாசம் தெரியலைன்னு. அதைக் காட்டி, அப்ப பாதி போஸ்டிங்க குறைச்சுக்கலாமே, டீசல் மிச்சம்னு ஒரு மீட்டிங்ல பேச்சு வந்துச்சு. நான் ஒத்துக்கல, இப்பவும் ஒத்துக்க மாட்டேன். ஹால்ல ஃபேன் ஓடுது. ஹால்ல மதியம் மணல் சுடாது, பின்னாடியே பத்துப் பிள்ளைங்க "அக்கா ஊசியா அக்கா"ன்னு ஓடி வராது. ஊருக்குப் போறதுக்குப் பதிலா இந்த ஹாலை வைக்க முடியாது. ஊருக்குப் போறதுக்கு முந்தின படிக்கட்டு இது, அங்க வழுக்கி விழறத இங்கயே விழுந்து எழுந்துட்டுப் போகலாம்னுதான்.

இந்த வருசம் அதே பாம்பன் பக்கத்து ஊருக்குப் போனோம். ஒரு பையன், மூணாம் வருசம், ஒரு வீட்டுல சொம்புத் தண்ணிய வாங்கிக் குடிச்சான், உக்காந்தான், அரைமணி நேரம் பேசிட்டு வந்தான், ஃபார்ம்ல பாதிக்கு மேல காலி. பக்கத்துல நின்ன இன்னொரு டீச்சர் என்னைப் பாத்தாங்க. அவன் நோட்டுல பென்சில்ல எழுதியிருந்தான்: மாமனாருக்கு இருமல், ரெண்டு வாரத்துக்கு மேல, கரிமூட்டத்துல வேலை பாத்தவர், சளி டெஸ்ட் எடுத்ததில்ல, நாளைக்கு சாயங்காலம் வீட்டுல இருப்பாராம், வரச் சொன்னாங்க. அடுத்த நாள் போனான், நானும் கூடப் போனேன், பெரியவர நர்ஸம்மாகிட்ட சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வச்சோம். ஃபார்ம்ல மீதிக் கட்டத்த அந்தப் பெரியவரே சொல்லச் சொல்ல எழுதிட்டு வந்தான்.

எத்தனை தடவ எழுதுவீகன்னு கேட்ட அந்த ஆத்தா வீட்டுக்கும் போனேன். போன வருசம் எழுதுனதுல என்ன இருந்துச்சுன்னு ஒரு பக்கத்துல தமிழ்ல எழுதி எடுத்துட்டுப் போனேன், எத்தனை வீட்டுல டிரம்மு, எத்தனை பேருக்கு பி.பி, பஞ்சாயத்துக்கு நாங்க குடுத்த மனு என்ன நிலைமைல இருக்குன்னு. அவுகளுக்கு படிக்கத் தெரியாது, பேத்தி வாசிச்சுச்சு. மனுவுக்கு இன்னும் பதில் வரலைங்கறதையும் வாசிச்சுச்சு. ஆத்தா கேட்டுட்டு, "சரி, பதில் வந்தா வந்து சொல்லு"ன்னாங்க.

அடுத்த பேட்ச்சுக்கு ஹால்ல ஊரு கட்டுறது வர்ற செவ்வாய்க்கிழமைன்னு போட்டிருந்தேன். நேத்து பாசி அக்கா போன் பண்ணி, செவ்வாய் நல்ல வத்தம், கடல்தண்ணி நல்லா இறங்கியிருக்கும், கடலுக்குப் போகணும், வியாழன்னா வர்றேன் டீச்சர்னு சொன்னாங்க. ஆஃபீஸ்ல கேட்டு வியாழனுக்கு மாத்திட்டேன். எள்ளு மட்டும் வாங்கணும், போன தடவ வாங்குனது தீந்துருச்சு.